மறுமொழி: ஸ்காஃபோல்டு — சாரமா, கொழுகொம்பா?

நண்பர்களே, கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, 'ஸ்காஃபோல்டு' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் அமையாமல் இழுக்கிறது. நரம்புச் செல் வளர்க்க பாலிகாப்ரோலாக்டோன் என்னும் மெல்லச் சிதையும் பிளாஸ்டிக்கையும் ஜெலட்டினையும் சேர்த்து, மயிரிழையைவிட மெல்லிய நூலாக்கிப் பாய்போல் பரப்புகிறார்கள். முதலாவதில் தண்ணீர் ஒட்டாது, செல்லும் சரியாகப் பற்றாது. ஜெலட்டின் மட்டும் என்றால் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால்தான் இரண்டும். செல் பற்றி வளரும் அந்தப் பாய்தான் ஸ்காஃபோல்டு, அதைச் 'சாரம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

*

சாரம் வேண்டாம் தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் சாரம் இடுப்பில் உடுப்பது. நரம்புக்குச் சாரம் கட்டினால் என் மாணவர் சிரிப்பினம். செல்லையும் 'கலம்' என்று எழுதுங்கோ.

*

உடுப்பதும் 'பாடத்தின் சாரமும்' வேறு வேறு. கட்டடச் சாரம் 'சார்' என்னும் வினையடியில் பிறந்தது, சார்பெழுத்தில் இருக்கிற அதே சார். குற்றியலுகரம் வல்லெழுத்தைச் சார்ந்து ஒலிப்பதுபோல் செல் இழையைச் சார்ந்து வளர்கிறது. தொல்காப்பியர் சார்பெழுத்து மூன்று என்றார், நன்னூலார் பத்தாக்கினார், ஏன் என்றால்...

*

ஐயா, நன்னூலை அப்புறம் பார்ப்போம். சாரத்தில் நிற்பவர் கொத்தனார், சுவர் அதைப் பற்றி ஏறுவதில்லை. இங்கே நூலை ஒரே திசையில் வரிசையாக வைத்தால் நரம்பிழையும் அந்தத் திசையிலேயே ஓடுகிறது. இது கொழுகொம்பு! முல்லைக்குப் பாரி கொடுத்த தேரும் அதுதானே.

*

வேலை முடிந்ததும் சாரத்தைப் பிரிப்போம், இதுவும் மறைந்துவிடும். கொழுகொம்பு மறையுமா?

*

யாரும் பிரிப்பதில்லை, தானாகச் சிதைகிறது. அதுவும் பாலிகாப்ரோலாக்டோனுக்கு 2 ஆண்டுக்கு மேல் ஆகும். கைகால் நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். சின்ன இடைவெளி என்றால் கொடி போய்ச் சேர்ந்த பிறகும் கொம்பு நிற்கும்.

*

இரண்டு பொருள் சேர்ந்த இந்தக் 'காம்போசிட்'டுக்குக் 'கலவை' என்று போட்டிருக்கிறீர்கள். சாரம், கலவை, அடுத்து சித்தாள்! கூட்டுப்பொருள் போதும். கூட்டில் பருப்பு பருப்பாகவும் பூசணி பூசணியாகவும் இருந்துகொண்டே ஒரே பண்டமாகிறதே, அதுதான் பொருள்.

*

கூட்டுப்பொருளை எடுத்துக்கொண்டேன், நன்றி. ஸ்காஃபோல்டுக்குச் 'சாரக்கட்டு' என்று போடுகிறேன், கட்டு சேர்ந்தால் வேட்டிக் குழப்பம் வராது. வகுப்பில் எல்லோரும் ஸ்காஃபோல்டு என்றுதான் சொல்லப்போகிறார்கள்.

*

'சாரங்கட்டு' இல்லையா?

*

அது ஏவல், மேஸ்திரி சொல்வது. வேற்றுமைத் தொகையில் மகரம் கெட்டு வல்லினம் மிகும். எப்படியிருந்தாலும் என் வாக்கு கொழுகொம்புக்கே, அடிக்குறிப்பிலாவது போடம்மா.