களையாத அரிசி, மூடிய சட்டி: ஓவனில் ரிசோட்டோ செய்த கதைகள்

மிலான்வாசி:

மிலான் நகரில் குடியிருந்துகொண்டு, சூப்பு நீரில் தளர்வாக வேகவைக்கும் இத்தாலியச் சோறான ரிசோட்டோ செய்யத் தெரியாது என்று சொல்வது, மதுரையில் இருந்துகொண்டு இட்லி அவிக்கத் தெரியாது என்று சொல்வதைப் போல. இரண்டு ஆண்டுகள் அந்தப் பெயரோடுதான் இருந்தேன். சூப்பு நீரை ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, பதினெட்டு நிமிடம் அடுப்பை விட்டு நகராமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். விருந்தினரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு அடுப்படியில் முதுகைக் காட்டி நிற்க எனக்கு மனமில்லை.

ஓவனில் வைத்தால் கிண்டவே வேண்டாம் என்று ஒருநாள் அலுவலகத்தில் ஒருத்தி சொன்னாள். (‘அவன்’ என்று எழுதினால் எவன் என்று கேட்பீர்கள், அதனால் ஓவன்.) போன மாதம் தோழிகள் இருவரையும் எதிர்வீட்டுப் பாட்டியையும் சாப்பிட அழைத்தேன். பாட்டி மிலானுக்குப் பக்கத்து ஊரான லோதியில் பிறந்தவர். எண்பதை நெருங்குகிறார். அரிசியைப் பற்றி அவரிடம் வாய் கொடுக்கக் கூடாது.

ஆர்போரியோ என்ற குண்டு மணி இத்தாலிய அரிசி 300 கிராம் எடுத்தேன். மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தேன். கடையில் வாங்கிய காய்கறிச் சூப்பு நீரைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினேன். குங்குமப்பூத் தூள் ஒரு சின்னப் பொட்டலம் போட்டேன், மஞ்சள் நிறம் வராவிட்டால் மிலானில் யாரும் மதிக்க மாட்டார்கள். சட்டியை மூடி 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்துவிட்டு நிம்மதியாகக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். திறந்தபோது நல்ல மணம். சோறு பொலபொலவென்று உதிரியாக, கல்யாண வீட்டுப் பிரிஞ்சியைப் போல நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சீஸைத் தூவி, தயிர்சாதம் பிசைவதைப் போல மெதுவாகக் கலந்தேன். அது நூல்நூலாகத் திரண்டுகொண்டது.

பாட்டி ஒரு வாய் எடுத்தார். முட்கரண்டியைக் கீழே வைத்தார். “நன்றாக இருக்கிறது. இது பிலாஃப்” என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கே தவறினேன்?

குசினிக்காரன், லுகானோ:

தங்கச்சி, பாட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இத்தாலியக் குசினிகளில் மூடிய சட்டியில் அளவான நீர் ஊற்றி ஓவனில் வைக்கிற சோற்றுக்குப் பெயரே பிலாஃப்தான். நீங்கள் நல்ல பிலாஃப் செய்திருக்கிறீர்கள்.

நான் 19 ஆண்டுகளாகச் சுவிட்சர்லாந்தில் இத்தாலிய மொழி பேசும் திச்சீனோ மாகாணத்தில் உணவகக் குசினியில் நிற்கிறேன். பாத்திரம் கழுவ வந்தவன், இப்போது அடுப்பில். முதலில் ஒரு தொழில் இரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். உணவகத்தில் எவரும் உங்கள் ஒரு தட்டுக்காகப் பதினெட்டு நிமிடம் கிண்டுவதில்லை. மதியமே முக்கால் பதம் வேக வைத்து, தட்டையான தட்டில் பரப்பி, சட்டென்று குளிர வைத்துவிடுவோம். நீங்கள் கேட்டதும் சூடான சூப்பு நீரில் நாலைந்து நிமிடம். அவ்வளவுதான். ஆகவே ஓவனில் வைப்பதைக் குற்றம் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் முதல் தவறு களைந்தது. ஊரில் அரிசி களைந்த கழுநீரை மாட்டுக்கு ஊற்றுவோமே, ரிசோட்டோவே அந்தக் கழுநீரில்தான் இருக்கிறது. அரிசிமணியின் மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் சூப்பு நீரில் கரைந்து அதைப் பால்போலத் தடிப்பாக்குகிறது. அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பிறகு எங்கே தேடுவது? எனக்கும் முதல் ஆண்டு இதே பாடம்தான். பொறுப்பாக இருக்கட்டும் என்று ஐந்து கிலோ அரிசியைக் களைந்து வைத்தேன். தலைமைச் சமையற்காரர் இத்தாலிய மொழியில் என்னவெல்லாம் சொன்னார் என்பது நல்லகாலமாக அப்போது எனக்கு விளங்கவில்லை.

இரண்டாவது, குளிர்ந்த நீர். சட்டி சூடேறுவதற்கே பாதி நேரம் போய்விடும், அதற்குள் அரிசி ஊறித் தளர்ந்துவிடும். வெங்காயத்தை வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்குங்கள். அரிசியைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள், விரலில் எடுத்தால் சுட வேண்டும், சிவக்கக் கூடாது. அரைக் கோப்பை வெள்ளை வைன் ஊற்றி, அந்த நெடி போகும்வரை திறந்தே வையுங்கள். மூடிய சட்டிக்குள் வைனை விட்டால் நெடி வெளியேற வழியில்லை. வைன் வேண்டாம் என்றால் விடுங்கள், கடைசியில் எலுமிச்சை பிழியலாம். பிறகு கொதிக்கிற சூப்பு நீர் ஒரு லிட்டர். ஒரு கரண்டி தனியே இருக்கட்டும். அடுப்பிலேயே ஒரு கொதி வந்ததும் இறுக்கமாக மூடி, முன்பே 190 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் வையுங்கள். நடுவில் திறக்கத் தேவையில்லை. அடுப்பில் சூடு அடியிலிருந்து மட்டும் வரும், அதனால்தான் அடிபிடிக்காமல் கிண்ட வேண்டியிருக்கிறது. ஓவனில் சுற்றிலும் சூடு. இருபது நிமிடத்தில் ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு கெட்டி இருக்க வேண்டும்.

இப்போதுதான் முக்கியமான இடம். வெளியே எடுக்கும்போது கொஞ்சம் தண்ணீராக, கஞ்சி போலத் தெரியும். பயந்து திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். எல்லோரும் அங்கேதான் கெடுக்கிறார்கள். ஒரு நிமிடம் ஆறவிட்டு, சில்லென்ற வெண்ணெய் 50 கிராம், துருவிய சீஸ் 60 கிராம் போட்டு, மரக்கரண்டியால் இரண்டு நிமிடம் ஓங்கி அடித்துக் கலக்குங்கள். தயிர் கடைகிற வேகம் வேண்டும். இதை மாந்தேகாத்துரா என்பார்கள். பதினெட்டு நிமிடம் கிண்ட வேண்டியதை இந்த இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடுகிறீர்கள். கை வலிக்காவிட்டால் நீங்கள் சரியாகச் செய்யவில்லை. இறுகினால் எடுத்து வைத்த கரண்டி நீரை விடுங்கள். தட்டில் ஊற்றி அடியில் ஒரு தட்டுத் தட்டினால் அலைபோலப் பரவ வேண்டும். குவியலாக நின்றால் இன்னும் நீர் தேவை.

ஒரு ஆசை இருந்தால் மாசிப் பக்கம் எங்கள் திச்சீனோவின் பெல்லின்சோனா நகருக்கு வாருங்கள். திருவிழா நாட்களில் சதுக்கத்தில் ஆளுயர அண்டாக்களில் ரிசோட்டோ கிண்டி, லுகானிகே என்ற தொத்திறைச்சியோடு ஊருக்கே பரிமாறுவார்கள். கோயில் அன்னதான வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வரிசை புதிதாக இராது.

பலெர்மோ அக்கா:

இங்கே சிசிலியில் கதை தலைகீழ். நான் ஒரு முதிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். டிசம்பர் 13, சாந்தா லுச்சியா என்ற புனிதையின் நாள். அன்று பலெர்மோவில் ரொட்டியும் பாஸ்தாவும் தொட மாட்டார்கள், வீட்டுக்கு வீடு அரன்சீனே பொரிப்பார்கள். குங்குமப்பூச் சோற்றுருண்டைக்குள் இறைச்சிக் கறியும் பச்சைப் பட்டாணியும் வைத்துப் பொரிப்பது. நாற்பது உருண்டைக்குச் சோறு வேண்டும். நான் எப்போதும் ஓவனில்தான் வைக்கிறேன். மிலான் தங்கைக்குத் தவறிப்போனது எங்களுக்கு அப்படியே தேவை. தளர்ந்த ரிசோட்டோவை உருட்ட முடியாது, எண்ணெயில் பிரிந்துவிடும். நீரைக் குறைத்து, நன்றாக வற்றவிட்டு, தட்டில் பரப்பி ஆறவிட வேண்டும். ஆனால் இதற்கும் களையக் கூடாது. களைந்தால் ஒட்டாது. முதல் ஆண்டு என் உருண்டைகள் எண்ணெய்ச் சட்டியில் பூந்தியாகப் போயின.

இன்னொன்று. இங்கே அதைப் பெண்பாலில் அரன்சீனா (பலவென்றால் அரன்சீனே) என்றுதான் சொல்ல வேண்டும். சிசிலியின் இன்னொரு நகரமான கத்தானியாவில் ஆண்பால், அரன்சீனோ. அங்கே கூம்பாகப் பிடிப்பார்கள், பக்கத்து எட்னா எரிமலையின் வடிவம் என்பார்கள். சோற்றுருண்டைக்குப் பால் பார்த்துச் சண்டை போடுகிற ஊர்களை வேறெங்கும் நான் கண்டதில்லை.

கோவைக்காரி:

அண்ணா சொன்ன அளவில் நேற்று செய்தேன். ஆர்போரியோ விலையைப் பார்த்துத் தலைசுற்றி, குண்டாக இருக்கிறதே என்று இட்லி அரிசியைப் போட்டேன். சோறு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். என் தவறுதான். நெல்லாக இருக்கும்போதே அவித்த அரிசி மாவை எளிதில் விடுமா? பச்சரிசியில் செய்தேன், அது பொங்கலாகிவிட்டது. மிளகும் நெய்யும் சேர்த்துப் பொங்கலாகவே சாப்பிட்டோம். இனி அசல் அரிசியில்தான்.

சைவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரிசோட்டோவில் வழக்கமாகச் சேர்க்கும் பார்மிஜானோ சீஸில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைச் சேர்க்கிறார்கள். முறைப்படி செய்த பார்மிஜானோவுக்கு விலக்கே கிடையாது. நம் ஊரில் பச்சைப் புள்ளி போட்ட கெட்டியான சீஸைப் பார்த்து வாங்குங்கள். சட்டி மூடி என் ஓவனுக்குள் அடங்கவில்லை, அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக இறுக்கிக் கட்டினேன். அது பரவாயில்லை.

மிலான்வாசி:

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வைத்தேன். அரிசியைக் களையவில்லை, கை பழக்கத்தில் குழாயடி வரை போய்த் திரும்பியது. அண்ணா சொன்னபடி அது கஞ்சியாகத்தான் வெளியே வந்தது, பயமாகத்தான் இருந்தது. அடித்தேன். இன்னும் தோள் வலிக்கிறது. பாட்டி தட்டின் அடியில் தட்டினார். பரவியது. கீழே இருந்த தட்டு தெரியும்வரை சாப்பிட்டுவிட்டு, “பிலாஃப் இல்லை” என்றார். ரிசோட்டோ என்றும் சொல்லவில்லை. மிச்சம் இருந்தால் மறுநாள் வெண்ணெயில் தோசைபோலத் தட்டி மொறுமொறுவென்று வறுக்கலாம், மிலானில் அதற்கு ரிசோ அல் சால்தோ என்று பெயர் என்றார். சட்டியைக் காட்டினேன். ஒரு பருக்கை இல்லை. அடுத்த முறை 500 கிராம் வை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அண்ணா, அரை கிலோவுக்கு நீர் எவ்வளவு?