புது வேலையில் முதலில் யாரிடம் பழகுவது?

கேள்வி:
கொள்முதல் பிரிவில் சேர்ந்து 9 நாள் ஆகிறது. மேலாளர் பத்து நிமிடம்கூடக் கையில் கிடைப்பதில்லை. யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. மதியம் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். நீங்கள் எல்லாம் எப்படித் தொடங்கினீர்கள்?

பதில் 1:
மேலாளரிடம் வாரம் 15 நிமிடம் கேட்டு வாங்குங்கள். "முதல் மாதம் நான் எதை முடித்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள்.

பதில் 2:
நானும் மேலாளரையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஆனால் நான் அனுப்பிய பில்கள் மூன்று வாரம் நகரவே இல்லை. கடைசியில் கணக்குப் பிரிவு அக்காவின் மேசைக்கே போய், "நான் அனுப்புவதில் என்ன குறை?" என்று கேட்டேன். ஆர்டர் எண் இல்லாத பில்லை அவர் ஓரமாக வைத்துவிடுவாராம். அன்று ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் எந்தச் சிக்கல் என்றாலும் அவரே கூப்பிட்டுச் சொல்வார். உங்கள் வேலை யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள், அங்கிருந்து தொடங்குங்கள். சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதையே திரும்பக் கேட்டால் யாருக்கும் சலிப்பு வரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. என் ஆர்டர்கள் கிடங்குக்குப் போகின்றன. அங்கே ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது. நாளைக் காலையிலேயே போகிறேன்.