பிரெஞ்சுக்காரர் கேட்ட ‘பொல்’: பால் இல்லையாம், அப்புறம் என்னங்க?

ஏற்காட்டுக் காப்பி:
வணக்கம்ங்க. எங்க காப்பித் தோட்டத்துலயே ரெண்டு ரூம் வாடகைக்கு விடுறோம். ஒரு வாரமா பிரான்சுக்காரப் பெரியவர் ஒருத்தர் தங்கியிருக்காரு. முதல் நாள் டவரா டம்ளர்ல காப்பி குடுத்தோம். ஒரே மடக்குல குடிச்சுட்டு “பொல், பொல்”னாரு. வீட்டுக்காரி பால்னு நினைச்சு ஒரு சொம்பு காய்ச்சிக் கொண்டாந்துட்டா! மனுசன் சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் குவிச்சுக் காட்டினாரு. ரசக் குண்டாவைக் குடுத்ததும்தான் முகம் தெளிஞ்சுது. அதுல காப்பியும் பாலும் ஊத்தி, ரொட்டியை முக்கி முக்கித் திங்கிறாரு.

இந்த பொல், இங்கிலீஷ்ல கிண்ணத்துக்குச் சொல்ற பௌல், ரெண்டும் ஒண்ணுதானா? யாரு யாருகிட்ட வாங்கினது? நேத்து மூணாவது தடவை கரண்ட் போனப்ப “ரா ல பொல்”னு தலையில அடிச்சுக்கிட்டாரு. குண்டாவுக்கும் கரண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?

பாண்டிப் பொண்ணு:
இங்கிலீஷ்கிட்ட கடன் வாங்கினது பிரெஞ்சுதான், 18-ம் நூற்றாண்டுல. அதுக்கு முன்னாடியே 1653-ல அச்சான ஒரு பிரெஞ்சுப் பயண நூல்ல ‘பொல்போஞ்ச்’னு வருது. இந்தியாவுல இங்கிலீஷ்காரங்க குடிச்ச பானம் அது: சர்க்கரை, எலுமிச்சஞ்சாறு, பிராந்தி, ஜாதிபத்திரி, சுட்ட பிஸ்கட். எண்ணிப் பாருங்க, அஞ்சு. அதுல வர்ற ‘போஞ்ச்’தான் இங்கிலீஷ்ல ‘பஞ்ச்’ங்கிற பானம்; அந்தப் பேரே அஞ்சுன்னு அர்த்தம் வர்ற இந்தி ‘பாஞ்ச்’தான்னு சொல்வாங்க.

கூத்து என்னன்னா, உங்க ஊரு கிரிக்கெட் வீரர் நடராஜன் போடுற பௌலிங் இருக்கே, அது பிரெஞ்சுல உருண்டைக்கு இருக்கிற சொல்லுல இருந்து இங்கிலீஷுக்குப் போனது. கிண்ணம் இந்தப் பக்கம், பந்து அந்தப் பக்கம்.

‘ரா ல பொல்’னா விளிம்பு வரைக்கும் வந்துடுச்சு, போதும்டா சாமி. ஆனா அங்க பொல் கிண்ணம் இல்ல, கொச்சையில பின்பக்கம். அவர்கிட்ட விளக்கம் கேட்டு வைக்காதீங்க! அதே கொச்சையிலதான் அதிர்ஷ்டத்தையும் பொல்லும்பாங்க.

ரிட்டையர்டு நர்ஸ், சேலம்:
ஊசியில மொத்தமா ஏத்துற ‘போலஸ்’? அதுவும் இந்தக் குடும்பமா கண்ணு?

பாண்டிப் பொண்ணு:
இல்லம்மா, அது கிரேக்கம், மண்ணாங்கட்டின்னு அர்த்தம். பிரெஞ்சுல அதையும் ‘பொல்’னுதான் எழுதுறாங்க. மென்னு முழுங்குற சோத்துக்கு அந்தப் பேரு. நம்ம கவளம்.

ஏற்காட்டுக் காப்பி:
நல்லவேளை, கேக்கப் போனேன்! அவரு ஊரு பிரான்சுல இருக்கிற பிரெத்தாஞ், இங்கிலீஷ்ல பிரிட்டனி. அங்க கிண்ணத்துக்கு ரெண்டு காது வச்சு, வீட்டுல ஆளாளுக்குப் பேரும் எழுதி வச்சிருப்பாங்களாம். நம்ம பாத்திரத்துல பேர் வெட்டுறோமே, அதைப் பாத்துட்டு விடமாட்டேங்கிறாரு. சேலத்துல காது வச்ச எவர்சில்வர் குண்டா எந்தக் கடையில கிடைக்கும்? பேரைத் தமிழ்லயே வெட்டணுமாம். வியாழக்கிழமை கிளம்புறாருங்க.