மின்சாரம் போய் வந்தால் ஐபி முகவரி காணாமல் போகிறது: ஸ்கிரிப்டா, நெட்பிளானா?

தாழை:
கடையில் பில்லிங் மென்பொருள் ஓடும் சர்வரில் உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்) இருக்கிறது. போன மாதம் அமைத்துக் கொடுத்தவர் ஐபி கட்டளையால் 192.168.1.50 என்று முகவரி கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம் மின்சாரம் போனது, யுபிஎஸ் தாங்கவில்லை. சர்வர் திரும்ப எழுந்தபோது முகவரி 192.168.1.117. நான்கு பில்லிங் கணினிகளும் பழைய 50ஐயே தேடிக்கொண்டிருந்தன. கவுண்டரில் கூட்டம் நிற்க, கையால் பில் எழுதினோம்.

அமைத்தவரைக் கேட்டால், அதே கட்டளையை, பூட் ஆகும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டான ஆர்சி லோக்கல் கோப்பில் போடச் சொல்கிறார். இன்னொரு நண்பர், உபுண்டுவின் வலை அமைப்புக் கருவியான நெட்பிளானில் எழுது என்கிறார். எது சரி? காரணத்தோடு சொல்லுங்கள், அடுத்த முறை நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரிசல்:
ஐபி கட்டளை கர்னலிடம் (இயங்குதளத்தின் உட்கரு) மட்டும்தான் பேசும், வட்டில் ஒரு எழுத்தும் எழுதாது. அதனால்தான் ரீபூட்டில் போய்விட்டது. கட்டளை தவறில்லை, அதைத் திரும்ப ஓட்ட ஆள் இல்லை. ஆர்சி லோக்கல் அந்த வேலையைச் செய்யும். 22.04இல் கோப்பு தானாக இருக்காது, நீங்களே உருவாக்கி இயக்க அனுமதி கொடுங்கள்.

நான் இதைச் சொல்லக் காரணம் உண்டு. டெபியன் லினக்ஸில் வலை அமைப்பை இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதிப் பழகியவன் நான். 2017 அக்டோபரில் 17.10 வெளிவந்தபோது உபுண்டு நெட்பிளானுக்கு மாறியது. ரெட்ஹேட் லினக்ஸ் பக்கம் பல வருடம் எழுதிய ஐஎஃப்சிஎஃப்ஜி என்ற வலை அமைப்புக் கோப்புகளுக்கு 10ஆம் பதிப்பில் இடமே இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஐபி கட்டளை மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மூன்று வரி ஸ்கிரிப்டை நாளைக்கு வேறொருவர் வந்து படித்தாலும் என்ன நடக்கிறது என்று புரியும்.

மடைவாய்:
கரிசல் அண்ணா, பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பது உண்மை, எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் இந்த வழியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாழையின் சர்வரில் வலையைக் கவனிக்க ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்: நெட்வொர்க்டி. 117 எங்கிருந்து வந்தது? டிஎச்சிபி கேள், அதாவது முகவரியை ரூட்டரிடமே வாங்கு என்று நெட்பிளான் கோப்பில் இருக்கிறது, அவர் கேட்டு வாங்கினார். ஆர்சி லோக்கல் 50ஐச் சேர்த்தாலும் 117 போகாது, ஒரே வலை அட்டையில் இரண்டு முகவரியும் உட்கார்ந்திருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், நெட்வொர்க்டி சேவை நடுவில் ஒருமுறை மறுதொடக்கம் ஆனால் தன் கோப்பில் இல்லாத வழித்தடங்களை (எந்த முகவரிக்கு எவ்வழியே போவது என்ற குறிப்புகளை) நீக்கிவிடும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. அப்போது ஆர்சி லோக்கல் திரும்ப ஓடாது, பூட் ஆகும்போது ஒரே ஒரு தடவைதான். யுஎஸ்பி வலை அட்டை கழன்று மறுபடி செருகினாலும் இதே கதைதான். ஒரு வயலுக்கு இரண்டு பேர் தனித்தனியாக மடை திறந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஏரிக்கரை:
இருவரும் சர்வரையே பார்க்கிறீர்கள். ரூட்டரில் சர்வரின் மேக் முகவரிக்கு (வலை அட்டையின் அடையாள எண்) 50ஐ ஒதுக்கிவிட்டால் சர்வரில் எதையுமே தொட வேண்டாம். டிஎச்சிபியில் எத்தனை முறை கேட்டாலும் 50தான் வரும். சர்வரில் உபுண்டுவை அழித்து வேறு போட்டாலும் முகவரி மாறாது.

மடைவாய்:
வீட்டுக்கு அது போதும். கடையில், ரூட்டர் கெட்டு, இணைய நிறுவனத்து ஆள் வந்து புதியதை மாட்டிவிட்டுப் போனால் ஒதுக்கீடும் சேர்ந்து போகும். மின்சாரம் வந்ததும் சர்வர் முதலில் எழுந்து ரூட்டர் தாமதமாக எழுந்தால், அதுவரை முகவரியே கிடையாது. பில்லிங்குக்கு இணையம் தேவையில்லை, சுவிட்ச் ஒன்று போதும். அந்த வேலையை ரூட்டரை நம்பி வைக்காதீர்கள்.

ஆனால் ஏரிக்கரை சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், தாழை. ரூட்டர் 2 முதல் 254 வரை வழங்கிக்கொண்டிருந்தால் உங்கள் 50ஐயே ஒரு கைபேசிக்குக் கொடுத்துவிடலாம். வழங்கும் எல்லையை 100 முதல் 200 வரை என்று சுருக்குங்கள்.

கரிசல்:
மடைவாய், நெட்பிளானில் எழுதினால் நிலைக்கும் என்கிறீர்கள். என் அனுபவத்தைக் கேளுங்கள். வாடகை சர்வர் ஒன்றில் நெட்பிளான் அடைவில் இருந்த 50-கிளவுட்-இனிட் கோப்பைத் திருத்தினேன். நெட்பிளான் அப்ளை கொடுத்தேன், புது முகவரி வந்தது. பத்து நாள் கழித்து ரீபூட் செய்தால் பழைய முகவரி! கோப்பைத் திறந்தால் நான் எழுதிய ஒரு வரி இல்லை. ஆர்சி லோக்கல் இப்படி ஒரு நாளும் என்னை ஏமாற்றியதில்லை.

மடைவாய்:
அந்தக் கோப்பின் தலையிலேயே, இதில் செய்யும் மாற்றம் ரீபூட்டில் நிலைக்காது என்று எழுதியிருக்கும். அதை உருவாக்குவது, சர்வரின் முதல் அமைப்பைச் செய்யும் கிளவுட்-இனிட் என்ற நிரல், அதன் கோப்பு அது. அதே குறிப்பில் நிறுத்தும் வழியும் இருக்கிறது: கிளவுட் அமைப்பு அடைவில் 99 என்று தொடங்கும் சிறு கோப்பில் வலை அமைப்பு வேண்டாம் என்று ஒரே வரி.

பலர் இதற்குப் பதிலாக நெட்பிளான் அடைவில் 99 எண்ணில் இன்னொரு யாமல் கோப்பை (நெட்பிளான் படிக்கும் அமைப்புக் கோப்பு) சேர்ப்பார்கள். பின்னால் வருவது முன்னதை மாற்றும் என்பது பாதி உண்மைதான். டிஎச்சிபி ஆம், இல்லை போன்ற ஒற்றை மதிப்புகள் மாறும். முகவரிப் பட்டியல் மாறாது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரே கோப்பாக வைத்துக்கொள்வதே நல்லது.

கரிசல்:
சரி, தலைக்குறிப்பைப் படிக்காதது என் பிழை. ஆனாலும் ஒன்றைச் சொல்கிறேன். ரீபூட்டில் அழிந்துபோவதே ஒரு பாதுகாப்பு. தொலைவில் இருக்கும் சர்வரில் நான் முதலில் பத்து நிமிடத்தில் ரீபூட் என்று நேரம் குறித்துவிடுவேன். அப்புறம்தான் ஐபி கட்டளையால் முகவரியை மாற்றுவேன். தொடர்பு அறுந்தால் பதறமாட்டேன், பத்து நிமிடத்தில் பழைய நிலை தானாக வந்துவிடும். தொடர்பு இருந்தால் ரீபூட்டை ரத்து செய்வேன். தவறான கேட்வேயை, அதாவது வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரியை, கோப்பில் எழுதியவனுக்கு இந்த வழி கிடையாது, வண்டி ஏறி நேரில் போக வேண்டும்.

மடைவாய்:
இதை நான் மறுக்கவில்லை, நல்ல பழக்கம். நெட்பிளானிலும் இதற்கு ஏற்பாடு உண்டு. அப்ளைக்குப் பதில் நெட்பிளான் டிரை கொடுங்கள். 120 நொடிக்குள் எண்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். பாண்ட் (பல வலை அட்டைகளை ஒன்றாகச் சேர்ப்பது) மாதிரி அமைப்புகளில் மட்டும் அந்தத் திரும்பல் முழுமையாக இருக்காது. அங்கே உங்கள் வழிதான் மேல்.

ஆனால் அண்ணா, நீங்கள் சொன்னது சோதிக்கும் முறை. சோதித்துச் சரியானதும் எங்கே எழுதிவைப்பது என்பதுதான் தாழையின் கேள்வி.

கரிசல்:
பூட்டில் வலையைக் கவனிக்கும் சேவையை நிறுத்திவிட்டு ஸ்கிரிப்டை மட்டும் விட்டால் நீங்கள் சொன்ன சண்டையே வராது. என் மூன்று சர்வர்கள் அப்படித்தான் ஓடுகின்றன. தாழை புதியவர், அவருக்கு அது வேண்டாம் என்றால் நெட்பிளானில் எழுதட்டும். நான் மாறப்போவதில்லை.

தாழை:
நேற்று இரவு கடை மூடியதும் உட்கார்ந்தேன். தலைக்குறிப்பு மடைவாய் சொன்னபடியே இருந்தது. கிளவுட்-இனிட்டை நிறுத்தி, ஒரே யாமல் கோப்பு வைத்தேன். இஎன்பி3எஸ்0 என்ற வலை அட்டையின் பெயருக்குக் கீழே டிஎச்சிபி இல்லை, முகவரி 192.168.1.50/24, இயல்பு வழித்தடம் 192.168.1.1.

முதல் முறை பிழை காட்டியது. ரூட்ஸ் என்ற சொல், அட்ரஸஸ் இருந்த நேருக்கு இல்லாமல் ஒரு இடைவெளி உள்ளே தள்ளி இருந்தது. சரிசெய்ததும் கேட்வே4 என்ற வரி பழையது என்று எச்சரித்தது. இணையத்தில் பார்த்து நகலெடுத்த வரி அது, எடுத்துவிட்டேன். டிரை கொடுத்து, பில்லிங் கணினியிலிருந்து 50க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போவதைப் பார்த்த பிறகுதான் எண்டர் தட்டினேன். ரூட்டரில் எல்லையை 100 முதல் என்று சுருக்கினேன்.

மடைவாய்:
ரீபூட் செய்து பார்த்தீர்களா? டிரை தேறிவிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். நெட்பிளான், யாமலைப் படித்து நெட்வொர்க்டிக்கான கோப்புகளை ரன் அடைவில் எழுதும். அந்த அடைவு நினைவகத்தில் இருப்பது, ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக எழுதப்படும். புதிதாக எழுதும்போதும் அதே முகவரி வர வேண்டும்.

கரிசல்:
இதில் நானும் மடைவாயும் ஒன்று. வெறும் ரீபூட்டோடு நிறுத்தாமல், ஒழுங்காக அணைத்துவிட்டு பிளக்கையும் எடுங்கள். ரூட்டரையும் அணைத்து வையுங்கள். செவ்வாய்க்கிழமை நடந்தது அதுதானே.

தாழை:
இன்று காலை கடை திறக்கும் முன் அப்படியே செய்தேன். இரண்டையும் அணைத்து, சர்வரை மட்டும் போட்டேன். முதல் கவுண்டரிலிருந்து பிங் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை, அப்புறம் 50இலிருந்து வரிசையாக வர ஆரம்பித்தது. ரூட்டர் இன்னும் அணைந்தே கிடந்தது.