மதியவெயிலில் நின்றுபோகும் பத்மினி: நெல்லைப் பக்கம் பழைய வண்டி தெரிந்த மெக்கானிக் வேண்டும்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா வாங்கிய 1986 மாடல் பிரீமியர் பத்மினிதான் இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரே கார். வாரம் இரண்டு தடவை அம்மாவை டயாலிசிஸுக்குப் பாளையங்கோட்டை கூட்டிப் போகிறேன்.

காலையில் போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மதியம் திரும்பும்போதுதான் பெரும்பாடு. சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் இழுவை குறைந்து, ரெண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிடுகிறது. இதில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருப்பதால் சூட்டில் பெட்ரோல் உள்ளேயே ஆவியாகிவிடுகிறது. பம்ப் மேல் ஈரத்துண்டைப் போட்டால் சுர்ரென்று ஆவி கிளம்பும். கால் மணி நேரம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகும். போன செவ்வாய்க்கிழமை அந்தக் கால் மணி நேரமும் அம்மா, ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பார்க்கவே முடியவில்லை.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய ரப்பர் குழாய் ஊறி, தொட்டால் பிசுபிசுக்கிறது. புதிதாகப் போட்ட பம்ப் டயாஃப்ரமும் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் மெல்லிய தகடு) மூன்றே மாதத்தில் கிழிந்துவிட்டது.

எத்தனாலைத் தாங்கும் குழாயும் டயாஃப்ரமும் எங்கே கிடைக்கும்? டேங்க் பக்கமாக எலெக்ட்ரிக் பம்ப் வைத்து ஓட்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா, வெயிலில் நிற்காமல் ஓடுகிறதா? அப்புறம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றிச் சரியாகப் பூட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்கள் மேஸ்திரி தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது.

விற்கிற எண்ணம் இல்லை. ஆள் இருந்தால் தூத்துக்குடி வரைக்கும்கூட வண்டியைக் கொண்டு வருகிறேன்.