1.6 பென்டியம் எம் லேப்டாப்பா, 1.6 ஆட்டம் போர்டா? பிஏஇ பிழையும் வருது, அவசரம்

கம்பிவலை:
வணக்கம். இன்டெல் பென்டியம் எம் ப்ராசஸர் உள்ள பழைய லேப்டாப் ஒண்ணு, இன்டெல் ஆட்டம் ப்ராசஸர் உள்ள, ஃபேன் இல்லாத சின்ன போர்டு ஒண்ணு இருக்கு. ஒண்ணை ரவுட்டரா மாத்தணும். லேப்டாப்ல லினக்ஸ் இன்ஸ்டால் ஆரம்பிக்கும்போதே பிஏஇ (32 பிட் ப்ராசஸர் 4 ஜிபிக்கு மேல நினைவகத்தை அணுகுற வசதி) இல்லைன்னு சொல்லி நின்னுடுது. போர்டுல ஏறிடுச்சு, ஆனா எது செஞ்சாலும் இழுக்குது. ரெண்டும் 1.6 கிகாஹெர்ட்ஸ்தானே? எதை வச்சுக்கலாம்? இன்னைக்கே முடிக்கணும்.

நாலாம்பிட்:
ப்ராசஸர் மாடல் எண்? எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு? போர்டுல வட்டு என்ன? வெறும் நாட் (பல கருவிகள் ஒரே இணைய முகவரியைப் பகிர்றது) மட்டுமா, விபிஎன்னும் ஓடணுமா?

பசைக்குழாய்:
போர்டு இழுக்குதுன்னா சூடுதான். ஹீட்சிங்க்கைக் கழட்டி, ப்ராசஸர் மேல காய்ஞ்ச வெப்பப் பேஸ்ட்டைத் துடைச்சிட்டுப் புதுசாப் போடுங்க.

பழையசிலிக்கான்:
கிகாஹெர்ட்ஸை வைத்து ஒப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள், இது பாலபாடம். பென்டியம் எம் கட்டளைகளை வரிசை மாற்றி இயக்கும். எல்2 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 1 அல்லது 2 மெகாபைட். ஆட்டம் என்270 வந்த வரிசையிலேயே இயக்கும், ஒரு சுழற்சிக்கு அதிகபட்சம் 2 கட்டளை, கேஷ் 512 கிலோபைட். நினைவகத்திலிருந்து ஒரு தரவு வரத் தாமதித்தால் பின்னால் உள்ள எல்லாமே நிற்கும். அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பத்தான் அதில் ஹைப்பர்த்ரெடிங், அதாவது ஒரே கோரில் இரண்டு இழைகளை மாற்றி மாற்றி ஓட்டும் வசதி. ஒற்றை இழை வேலையில் 1.6 என்270, 900 மெகாஹெர்ட்ஸ் செலரான் எம்-க்குப் பக்கத்தில்தான் வரும். கேள்வி கேட்பதற்கு முன் இதையாவது தேடிப் பார்த்திருக்கலாம்.

கம்பிவலை:
போர்டு என்270. லேப்டாப்ல பென்டியம் எம் 1.6ன்னு மட்டும்தான் காட்டுது. லுபுண்டு 18.04, 32 பிட். வயர்கார்டு விபிஎன் ஓடணும். இணைப்பு 100 மெகாபிட்.

நாலாம்பிட்:
அந்தப் பிழையே பாதி மாடலைச் சொல்லிடுது. 1.6-ல மாடல் 730-ன்னா பஸ் (ப்ராசஸரை மத்த பாகங்களோட இணைக்கிற பாதை) 533 மெகாஹெர்ட்ஸ், அது பிஏஇ இருக்குன்னு காட்டும். பஸ் 400 உள்ள பானியஸும் (பென்டியம் எம்-ன் முதல் தலைமுறை) டோதன் 725-உம் (அடுத்த தலைமுறை) காட்டாது. ஆனா வசதி உள்ளே இருக்கு. பயாஸ்ல எல்2 கேஷ் பாருங்க: 1024-ன்னா பானியஸ், 2048-ன்னா டோதன்.

பிஏஇ-ஐக் கட்டாயமா ஏத்துக்கச் சொல்ல, பூட் மெனுவுல துவக்க வரியைத் திறந்து, வரியின் கடைசியில ஃபோர்ஸ்பிஏஇ (ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாம), அப்புறம் மூணு சிறுகோடு, மறுபடி ஃபோர்ஸ்பிஏஇ. ரெண்டாவது ஃபோர்ஸ்பிஏஇ-ஐ விட்டுட்டா இன்ஸ்டால் முடிஞ்சு முதல் பூட்லயே திரும்ப நிக்கும். கெர்னல் ஒரு எச்சரிக்கை போடும், பயப்பட வேண்டாம்.

ஆனா லுபுண்டு 18.04-க்கு ஆதரவு முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. இணையத்தைப் பார்த்து நிக்கிற ரவுட்டர்ல அதைப் போடாதீங்க. டெபியன் 12-ன் 32 பிட் பதிப்புல பிஏஇ இல்லாத 686 கெர்னலும் உண்டு, அடம் பிடிக்காம ஏறும். 13-ல 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது.

மெல்லியகேபிள்:
686 கெர்னலை மட்டும் போட்டுட்டுப் போகாதீங்க. மெல்ட்டவுன்ங்கறது ஒரு நிரல் கெர்னலோட நினைவகத்தைத் திருட்டுத்தனமாப் படிக்க விடுற ப்ராசஸர் ஓட்டை. 32 பிட்டுல அதுக்கான பாதுகாப்பு, அதாவது பக்க அட்டவணைப் பிரிப்பு, பிஏஇ கெர்னல்லதான் வேலை செய்யும். ஏறினதும் 686-பிஏஇ கெர்னலைச் சேர்த்து, ஃபோர்ஸ்பிஏஇ கொடுங்க. என்270-க்கு இந்தக் கவலையே இல்லை. அடுத்து வரப்போற கட்டளையை ஊகிச்சு முன்கூட்டியே இயக்காத ப்ராசஸர், அந்த ஓட்டை அதுல இல்லை.

பழையசிலிக்கான்:
ரவுட்டரில் யார் வந்து அந்நிய நிரலை ஓட்டப் போகிறார்கள்? தேவையற்ற பயம். மின்சாரத்தைப் பாருங்கள்: 725 என்றால் 21 வாட், என்270 2.5 வாட். முடிவு தெரிந்துவிட்டதே.

மெல்லியகேபிள்:
அது வெப்ப வடிவமைப்பு அளவு, சும்மா இருக்கும்போது இழுக்குறது இல்லை. பென்டியம் எம் 600 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிடும். என்270 கூட வர்ற 945ஜிஎஸ்இ சிப்செட் ப்ராசஸரைவிட அதிகம் இழுக்கும். மொத்தத்தையும் சுவர்ல மீட்டர் வச்சு அளந்துட்டுப் பேசலாம்.

பழையசிலிக்கான்:
அளந்தாலும் போர்டுதான் குறைவாக வரும்.

மெல்லியகேபிள்:
வரலாம். ஆனா 21-க்கு 2.5-ங்கற விகிதத்துல வராது. அதைத்தான் சொல்றேன்.

தாள்கருவி:
வயர்கார்டுக்கு ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) வேகச் சோதனையை நம்பாதீங்க. அதுல 32 பிட்டுக்கும் எஸ்எஸ்எஸ்இ3 (பல தரவை ஒரே நேரத்துல கணக்கிடும் கட்டளைகள்) வழி இருக்கு. என்270-ல அது உண்டு, பென்டியம் எம்-ல இல்லை. அதனால வயர்கார்டோட குறியாக்கமான சாச்சா20-ல ஆட்டம் நல்லா ஓடுற மாதிரித் தெரியும். கெர்னலுக்குள்ள அந்த வேக வழி 64 பிட்டுக்கு மட்டும். என்270 32 பிட்தான், வயர்கார்டு அங்கே சாதாரண சி நிரல்ல ஓடும். விபிஎன் சுரங்கத்துக்குள்ள ஐபெர்ஃப்3 (வலைவேகம் அளக்கும் கருவி) போட்டு அளங்க, அதுதான் கணக்கு.

லேப்டாப்ல ரெண்டாவது ஈதர்நெட்டுக்கு என்ன வழி? யூஎஸ்பி டாங்கிள்னா ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ப்ராசஸர் கூடுதலா உழைக்கணும்.

நாலாம்பிட்:
போர்டுல வட்டு என்னன்னு இன்னும் சொல்லலை. காம்பாக்ட் ஃப்ளாஷா? டிமெஸ்ஜி (கெர்னல் பதிவைக் காட்டும்) கட்டளைல பிஐஓ4-ன்னு இருக்கா, யூடிஎம்ஏ-ன்னு இருக்கா? யூடிஎம்ஏ-ன்னா டிஎம்ஏ, அதாவது ப்ராசஸரைத் தொடாம தரவு நேரா நினைவகத்துக்குப் போகும். சில அடாப்டர்கள்ல டிஎம்ஏ கம்பியே இணைச்சிருக்காது. பிஐஓ4-ன்னா உச்சமே நொடிக்கு 16.6 மெகாபைட், அதுவும் ப்ராசஸரே ஒவ்வொரு துண்டா நகர்த்தணும். எது செஞ்சாலும் இழுக்கும்.

பசைக்குழாய்:
பேஸ்ட்டையும் பார்த்துடுங்க.

கம்பிவலை:
காம்பாக்ட் ஃப்ளாஷ்தான், பிஐஓ4. அடாப்டர் மாத்தினேன், யூடிஎம்ஏ/66 காட்டுது, இழுவை போச்சு. போர்டுலயே ரெண்டு ஈதர்நெட் இருக்கு, அதையே வச்சுக்கறேன். நன்றி.

தாள்கருவி:
ஐபெர்ஃப்3 எண் கிடைச்சா போடுங்க. எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1420, ரெண்டு திசையிலும் தனித்தனியா.