பீன்யா இன்டர்வியூவுக்கு 200 கேள்வி பிடிஎஃப் போதுமா?

மடிவாளா_புதுசு:
வணக்கம். ஈஇஇ (எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்) முடித்து ஒரு வருடம் ஆகிறது, ஊர் திண்டுக்கல் பக்கம். இப்போது பெங்களூர் மடிவாளாவில் பிஜி விடுதியில் தங்கியிருக்கிறேன். அடுத்த வாரம் பீன்யாவில் பேனல் போர்டு (மின்சுவிட்ச் பெட்டி) செய்யும் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. முதலில் எழுத்துத் தேர்வு, அப்புறம் டெக்னிக்கல் ரவுண்டு. சீனியர் ஒருவர் 'பேசிக் எலெக்ட்ரிக்கல் 200 கேள்வி பதில்' என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார். ஓம் விதியில் ஆரம்பித்து, டிரான்ஸ்ஃபார்மரைக் காக்கும் புக்கோல்ஸ் ரிலே வரை இருக்கிறது. இதை மனப்பாடம் பண்ணினால் போதுமா?

பேனல்போர்டு:
போதாது தம்பி. நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன், அதனால் சொல்கிறேன். அந்த பிடிஎஃப் எங்கள் கைக்கும் எப்போதோ வந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரை ஏன் கேவிஏ-வில் (வோல்டேஜ், கரண்ட் பெருக்கல்) சொல்கிறோம் என்று கேட்டால் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள்: காப்பர் லாஸ் (வைண்டிங், அதாவது கம்பிச் சுருளில் வீணாவது) கரண்டைப் பொறுத்தது, அயர்ன் லாஸ் (இரும்புக் கோரில் வீணாவது) வோல்டேஜைப் பொறுத்தது, பவர் ஃபேக்டருக்கு (கேவிஏ-வில் எத்தனை பங்கு கிலோவாட் என்ற விகிதம்) இதில் வேலை இல்லை, ஆகவே கேவிஏ. சரி. அடுத்து நான் கேட்பது இதுதான்: மோட்டாரிலும் காப்பர் லாஸ், அயர்ன் லாஸ் இரண்டும் இருக்கிறதே, அதை மட்டும் ஏன் கிலோவாட்டில் போடுகிறார்கள்? அங்கே பேச்சு நின்றுவிடும். முதல் கேள்வி பிடிஎஃப்-ல் இருக்கும், இரண்டாவது இருக்காது. ஆளை எடுப்பதா வேண்டாமா என்று நான் முடிவு பண்ணுவது இரண்டாவதில்தான்.

கேட்_தேர்வர்:
மேஜைக்கு அந்தப் பக்கம் போனதும் எல்லோருக்கும் ஞானம் வந்துவிடுகிறது. எழுத்துத் தேர்வில் கட் ஆஃப் தாண்டினால்தானே சார் உங்கள் மேஜையையே பார்க்க முடியும்? அங்கே 'ஏன்' என்று யாரும் கேட்பதில்லை. 4 போல் (காந்த முனை), 50 ஹெர்ட்ஸ், சிங்க்ரனஸ் வேகம் (காந்தப்புலம் சுழலும் வேகம்) எவ்வளவு என்று கேட்பார்கள். 120-ஐ 50-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்து 1500 ஆர்பிஎம் என்று சட்டென்று டிக் அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். ஃபார்முலா நாக்கு நுனியில் இல்லாவிட்டால் அது நடக்காது. ஒரு வாரம் மட்டும் கையில் இருக்கிற பையனிடம் 'கான்செப்ட் படி' என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். தம்பி, 200-ஐயும் படி.

அப்புறம், அந்த மோட்டார் கேள்விக்குப் பதிலை நீங்களே சொல்லுங்கள். கேள்வியை மட்டும் வீசிவிட்டுப் போகாதீர்கள்.

பேனல்போர்டு:
சொல்கிறேன். மோட்டார் வெளியே கொடுப்பது ஷாஃப்டில் சுழலும் பவர். பம்ப் வாங்குகிறவனுக்கு வேண்டியதும் அதுதான், அது கிலோவாட் அல்லது ஹெச்பி. அதன் பவர் ஃபேக்டரும் மோட்டாரோடு பிறந்த விஷயம், நேம்ப்ளேட்டிலேயே அடித்திருப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் செய்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அதில் ஹீட்டரை மாட்டுவார்களா, வெல்டிங் செட்டை மாட்டுவார்களா என்று அவனுக்குத் தெரியாது. 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் பவர் ஃபேக்டர் 1-ல் 100 கிலோவாட் தரும், 0.8-ல் 80 கிலோவாட்தான் தரும், ஆனால் இரண்டு நேரமும் வைண்டிங் ஒரே அளவுதான் சூடாகும். ஆல்டர்னேட்டரை (ஏசி ஜெனரேட்டர்) கேவிஏ-வில் சொல்வதும் இதனால்தான். பிடிஎஃப்-ல் இருக்கிற பதில் தப்பில்லை, பாதி.

கேட்_தேர்வர்:
அதுதான் என் கோபமே. கைடுகளில் அச்சாகி வருவது அந்தப் பாதிதான், வகுப்பில் எழுதிப் போட்டதும் அதுதான். லேப்பில் மோட்டாரின் நேம்ப்ளேட் மேலேயே பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள், ரீடிங்கை சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினோம். மீதிப் பாதியை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கல்லூரி விட்ட குறைக்கு ஃபிரெஷரை நிராகரித்துவிட்டு 'இன்றைய பசங்களுக்கு பேசிக் இல்லை' என்று நீங்கள் பேசுகிறீர்கள்.

ஒயிட்ஃபீல்டு_வாசி:
இவ்வளவு கஷ்டம் எதற்கு நண்பா? நானும் ஈஇஇ தான். ஜாவா படித்தேன், இந்தப் பக்கம் வந்துவிட்டேன். எலெக்ட்ரிக்கல் வேலை தரும் கோர் கம்பெனி ஆரம்பச் சம்பளத்தில் பெங்களூர் வாடகை கட்டிவிட்டு மீதியில் என்ன பண்ணுவாய்?

மட்டுறுத்துநர்:
கோரா சாஃப்ட்வேரா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வேண்டாம்.

ரிலே_அக்கா:
டெஸ்டிங் அண்ட் கமிஷனிங்கில் இருக்கிறேன், பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் பாதி நாள் போகும். கேட்_தேர்வர் சொல்கிற கல்லூரிக் கதை உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து 200 கேள்வி இல்லை. தம்பி போவது பேனல் போர்டு கம்பெனி. அப்படியென்றால் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அதையே துருவினால் பாதி இன்டர்வியூ அதில் அடங்கிவிடும்.

டெல்டாவில் (மூன்று வைண்டிங்கும் முக்கோணமாக) ஓட வேண்டிய மோட்டாரை முதலில் ஸ்டாரில் (மூன்றின் ஒரு முனையும் ஒரே புள்ளியில்) கிளப்புகிறோம். 415 வோல்ட் லைனில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைப்பது அதை ரூட் 3-ஆல் வகுத்தது, சுமார் 240 வோல்ட். வைண்டிங் கரண்டும் அதே அளவு குறையும். டெல்டாவில் லைன் கரண்ட் என்பது வைண்டிங் கரண்டைப் போல ரூட் 3 மடங்கு, ஸ்டாரில் இரண்டும் ஒன்றே. ஆக, லைனிலிருந்து இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிவிடும். டார்க் (சுழற்று விசை) என்பது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் அதுவும் மூன்றில் ஒரு பங்கு. இதுவரை பிடிஎஃப்-ல் இருக்கும்.

இனிமேல்தான் நாங்கள் கேட்பது. நிறையச் சரக்கு ஏற்றிய கன்வேயருக்கு இதைப் போடலாமா? கூடாது, அந்த டார்க்கில் அது நகராது. பேனலுக்குள் மெயின், டெல்டா, ஸ்டார் என்று மூன்று கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) இருக்கிறதே, மூன்றும் ஒரே சைஸா? இல்லை. மெயினும் டெல்டாவும் வைண்டிங் கரண்டைத்தான் சுமக்கின்றன, அதாவது மோட்டாரின் முழு லைன் கரண்டில் 58 சதவீதம். ஸ்டார் கான்டாக்டருக்கு 33 சதவீதம் போதும். ஸ்டாருக்கும் டெல்டாவுக்கும் நடுவில் இன்டர்லாக் (ஒன்று மூடியிருந்தால் மற்றது மூடாத ஏற்பாடு) எதற்கு? இரண்டும் ஒரே நேரத்தில் மூடினால் மூன்று ஃபேஸும் நேருக்கு நேர் ஷார்ட். இந்த மூன்று பதிலையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டயகிராமை ஒரு தாளில் கையால் வரைந்து, கரண்ட் எங்கே போகிறது என்று பென்சிலால் தொடர்ந்து பார்த்தால் தானாகவே வந்துவிடும்.

கேட்_தேர்வர்:
அக்கா, மரியாதையோடு சொல்கிறேன். 58, 33 என்று நீங்கள் இப்போது போட்டது தம்பிக்கு இன்னும் இரண்டு மனப்பாட எண். வித்தியாசம் என்ன?

ரிலே_அக்கா:
1-ஐ ரூட் 3-ஆல் வகுத்தால் 0.58, 3-ஆல் வகுத்தால் 0.33. மறந்து போனாலும் தாளில் போட்டு எடுத்துவிடலாம். வித்தியாசம் அதுதான்.

தங்கவயல்:
கேஜிஎஃப்-காரன், ரயில்வே கான்ட்ராக்டில் வேலை. அந்த பிடிஎஃப்-ல் 'டிசி சீரீஸ் மோட்டார் எங்கே பயன்படுகிறது' என்பதற்கு 'எலெக்ட்ரிக் டிராக்‌ஷன்' (மின் ரயில் ஓட்டம்) என்று ஒரு வரி இருக்குமே? தம்பி பீன்யாவுக்கு கிரீன் லைன் மெட்ரோவில் வந்து இறங்கி அந்தப் பதிலைச் சொன்னால் மாட்டிக்கொள்வார். நம்ம மெட்ரோவுக்குத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது ரெயிலில் 750 வோல்ட் டிசி வருகிறது, சரிதான். ஆனால் பெட்டிக்குக் கீழே இருப்பது மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். நடுவில் டிசியை ஏசியாக்கும் இன்வெர்ட்டர் வோல்டேஜையும் ஃப்ரீக்வென்ஸியையும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. டிசி மோட்டாரில் இருக்கும் கம்யூட்டேட்டர் இல்லை, பிரஷ் தேயும் தொல்லை இல்லை. சீரீஸ் மோட்டாரின் பெரிய ஸ்டார்ட்டிங் டார்க்குக்காக ஒரு காலத்தில் அதைப் போட்டார்கள், அதுவும் சொல்லத் தெரிய வேண்டும். மும்பை லோக்கல் 1500 வோல்ட் டிசியில் ஓடி, 2016-க்குள் 25 கிலோவோல்ட் ஏசிக்கு மாறியது. ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால்? அதே பவருக்கு வோல்டேஜ் கூடினால் கரண்ட் குறையும், வோல்டேஜை 10 மடங்காக்கினால் ஐ ஸ்கொயர் ஆர் லாஸ் (கம்பிச் சூட்டில் வீணாவது) நூறில் ஒன்றாகும். வழிநெடுக சப்ஸ்டேஷனும் குறைவாகப் போதும்.

எங்கள் ஊர்ப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். 1902-ல் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல் லைன் இழுத்து முதலில் கரண்ட் கொடுத்தது கோலார் தங்கவயலுக்கு. பெங்களூருக்கு 1905-ல்தான் விளக்கு வந்தது. அத்தனை தூரம் குறைந்த வோல்டேஜில் அனுப்பியிருந்தால் சுரங்கத்துக்கு வந்து சேர்வதற்குள் கம்பியிலேயே தீர்ந்திருக்கும்.

கேட்_தேர்வர்:
வரலாறு நன்றாக இருக்கிறது. தேர்வில் வராது. வருவதைச் சொல்கிறேன்: 60 வாட், 100 வாட் குண்டு பல்பு இரண்டையும் 230 வோல்ட்டில் சீரீஸாகப் போட்டால் எது பிரகாசமாக எரியும்? இது வராத பேப்பர் இல்லை. 60 வாட்டின் ரெசிஸ்டன்ஸ் 882 ஓம், 100 வாட்டுடையது 529 ஓம். மொத்தம் 1411, கரண்ட் 0.163 ஆம்பியர். 60 வாட் பல்பில் சுமார் 23 வாட், மற்றதில் 14 வாட். ஆகவே 60 வாட். முடிந்தது. இதில் 'ஏன்' எங்கே வருகிறது?

பேனல்போர்டு:
இங்கேதான் வருகிறது. விடை சரி, 23-உம் 14-உம் தவறு. அந்த 882 ஓம், ஃபிலமென்ட் முழுச் சூட்டில் இருக்கும்போது உள்ள ரெசிஸ்டன்ஸ். டங்ஸ்டன் ஆறினால் ரெசிஸ்டன்ஸ் சரிந்துவிடும். சீரீஸில் 100 வாட் பல்புக்கு அதற்கு வேண்டிய 0.435 ஆம்பியரில் பாதிகூட வரவில்லை, அது ரொம்ப ஆறிப் போய்க் கிடக்கும். 60 வாட்டுக்கு வேண்டியது 0.26, அது அவ்வளவு ஆறாது. அப்படியானால் 100 வாட்டின் ரெசிஸ்டன்ஸ்தான் அதிகம் சரியும், வோல்டேஜில் 60 வாட்டின் பங்கு இன்னும் கூடும். நடைமுறையில் வித்தியாசம் உன் கணக்கைவிடப் பெரிது. இன்டர்வியூவில் ஒருவர் '60 வாட்' என்று சொல்லிவிட்டு, 'ஆனால் ரெசிஸ்டன்ஸ் மாறாது என்று வைத்துக்கொண்டு' என்று கூடச் சேர்த்தாலே நான் நிமிர்ந்து உட்காருவேன்.

கேட்_தேர்வர்:
எழுத்துத் தேர்வில் நிமிர்ந்து உட்கார ஆள் இல்லை சார். நாலு ஆப்ஷன்தான் இருக்கும்.

ரிலே_அக்கா:
இவர்கள் சண்டை போடட்டும். தம்பி, சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) பற்றிக் கட்டாயம் பார். பேனலில் ஆம்பியர் மீட்டர் இருந்தால் பின்னால் சிடி இருக்கும். அதன் செகண்டரியை (மீட்டர் பக்கச் சுருள்) ஏன் திறந்து விடக் கூடாது? 'ஹை வோல்டேஜ் வரும்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே. சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் செகண்டரியைத் திறந்தால் பிரைமரி கரண்ட் குறைந்துவிடும். சிடியில் குறையாது, ஏனென்றால் அந்தக் கரண்டை முடிவு செய்வது சிடி இல்லை, லைனில் இருக்கும் லோடு. எதிர்த்து நிற்கச் செகண்டரி கரண்ட் இல்லாததால் பிரைமரி கரண்ட் முழுவதும் இரும்புக் கோரைக் காந்தமாக்கப் போய்விடும், கோர் சாச்சுரேட் ஆகும் (அதற்கு மேல் காந்தமேறாது), டெர்மினலில் கிலோவோல்ட் கணக்கில் ஸ்பைக் அடிக்கும். ஒரு சைட்டில் மீட்டரை மாற்ற வந்தவர் செகண்டரியை மூடி வைக்கும் ஷார்ட்டிங் லிங்க்கைப் போடாமல் வயரைக் கழற்றினார். டெர்மினல் பிளாக் கருகிய வாசனை சாயங்காலம் வரை போகவில்லை. நல்லவேளை, கை அதில் இல்லை.

மடிவாளா_புதுசு:
எல்லோருக்கும் நன்றி. பிஜியில் மொட்டை மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் கீழே இருக்கிறது, இன்று நேம்ப்ளேட்டை போட்டோ எடுத்தேன். 5 ஹெச்பி, 3.7 கிலோவாட், 415 வோல்ட், 7.5 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.82, 1440 ஆர்பிஎம். நான் போட்ட கணக்கு: ரூட் 3, 415, 7.5 மூன்றையும் பெருக்கினால் சுமார் 5.4 கேவிஏ. 0.82-ஆல் பெருக்கினால் 4.4 கிலோவாட் உள்ளே போகிறது. வெளியே 3.7, எஃபிஷியன்ஸி சுமார் 84 சதவீதம். 1500-க்கு 1440 என்றால் ஸ்லிப் (வேகக் குறைவு) 4 சதவீதம், ரோட்டாரில் (சுழலும் பகுதி) ஃப்ரீக்வென்ஸி 2 ஹெர்ட்ஸ். சரியா?

பேனல்போர்டு:
சரி. பெயின்ட் அடிக்காத நேம்ப்ளேட் பிஜியிலேயே கிடைத்துவிட்டது பார்.

கேட்_தேர்வர்:
1500 எங்கிருந்து வந்தது தம்பி?

மடிவாளா_புதுசு:
பிடிஎஃப், கேள்வி எண் 41.

கேட்_தேர்வர்:
அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

பேனல்போர்டு:
41-ஐ வைத்துக்கொள். இப்போது 201-ஆவது கேள்வி: அதே மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் போய்விட்டது. நின்றுகொண்டிருந்தால் என்ன ஆகும், ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

மடிவாளா_புதுசு:
நின்றுகொண்டிருந்தால் கிளம்பாது, உறுமும். சுழலும் காந்தப்புலம் உருவாகாது, அதனால் ஸ்டார்ட்டிங் டார்க் இல்லை. ஓடிக்கொண்டிருந்தால் லோடு அதிகம் இல்லாத வரை ஓடும், ஆனால் மீதி இரண்டு ஃபேஸிலும் கரண்ட் ஏறி வைண்டிங் சூடாகும். ஓவர்லோடு ரிலே டிரிப் பண்ணி மோட்டாரை நிறுத்த வேண்டும்.

ரிலே_அக்கா:
ரிலேவை எவ்வளவில் செட் பண்ணுவாய்?

மடிவாளா_புதுசு:
5 ஹெச்பி, அதனால் டிஓஎல் (லைனில் நேரடியாக மாட்டும்) ஸ்டார்ட்டர்தான் இருக்கிறது அக்கா. முழு லைன் கரண்டும் ரிலே வழியாகவே போகிறது. 7.5 ஆம்பியர்.

ரிலே_அக்கா:
நல்லது. ஸ்டார் டெல்டாவில் ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே இருந்தால்?

மடிவாளா_புதுசு:
அங்கே வைண்டிங் கரண்ட்தான். 7.5-ஐ ரூட் 3-ஆல் வகுத்து, 4.3 ஆம்பியர்.